மாதக் கடைசிப் பசியும் உடல் பருமனும்

கேள்வி: நான் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு அருகில் வசிக்கிறேன். சில மாதங்களாகச் சனிக்கிழமைதோறும் நகருக்குள் ஒரு தேவாலயம் நடத்தும், இலவசமாக உணவுப் பொருள் வழங்கும் ஃபுட் பேன்ட்ரியில் தொண்டு செய்கிறேன். வரிசையில் நிற்பவர்களில், குறிப்பாகப் பெண்களில், பலர் மிகவும் பருமனாக இருக்கிறார்கள். உணவில்லை என்று வருபவர்களின் உடல் எப்படி இப்படிப் பெருக்கும் என்பது எனக்குப் புரியவில்லை. கத்தரிக்காயும் கீரையும் கொடுத்தால் சிலர் திருப்பி வைத்துவிட்டு, டப்பாவில் வரும் பாஸ்தாவையும் சீரியலையும் கேட்கிறார்கள். அரசின் உணவு உதவியான ஃபுட் ஸ்டாம்பில் சோடா வாங்குவதையும் பார்த்திருக்கிறேன். "நாமும் கையில் ஒன்றுமில்லாமல்தான் இந்த நாட்டுக்கு வந்தோம், நாம் இப்படியா ஆனோம்? எல்லாம் சோம்பல்" என்கிறார் என் கணவர். மறுத்துப் பேச எனக்குத் தெரியவில்லை. இது அறியாமையா, சோம்பலா, வேறு ஏதாவதா? என்னால் என்ன செய்ய முடியும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மனத்தில் எழுந்த ஐயத்தை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. பல ஆண்டுகளாகப் பொதுச் சுகாதார ஊட்டச்சத்துத் துறையில் பணியாற்றும் என்னிடம், மருத்துவம் படித்தவர்கள்கூட இதே கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்டிருக்கிறார்கள். அறியாமை, சோம்பல் என்ற இரண்டு விடைகளையும் நான் ஏற்பதில்லை. அந்த வரிசையில் நிற்பவர்களுக்கு மொத்தக் கணக்கில் கலோரிக்குப் பஞ்சமில்லை. அடுத்த வாரம் வீட்டில் என்ன இருக்கும் என்ற உறுதிக்குத்தான் பஞ்சம். ஒரு காயை வாங்கிச் சமைத்துப் பிள்ளை தொடாமல் போனால், அதைக் கொட்டிவிட்டு வேறொன்று சமைக்கும் வசதியும் அவர்களுக்கு இல்லை. இந்த இரண்டு இல்லாமைகளும் ஓர் உடலை எப்படிப் பருக்க வைக்கின்றன என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடுவோம். 2021 ஆகஸ்ட் முதல் 2023 ஆகஸ்ட் வரை அமெரிக்க அரசு நடத்திய தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் வயது வந்தவர்களில் 40.3 விழுக்காட்டினர் உடல் பருமன் உடையவர்கள். ஆகவே வங்கியிலோ விமான நிலையத்திலோ நிற்கும் எந்த வரிசையை எடுத்துக்கொண்டாலும், பத்துப் பேரில் நால்வர் பருமனாக இருக்க வாய்ப்புண்டு. வங்கி வரிசையில் நம் கண்ணில் படாதது ஃபுட் பேன்ட்ரி வரிசையில் உறுத்துகிறது என்றால், அவர்கள் உணவு கேட்டு வந்தவர்கள் என்பதை நாம் முன்கூட்டியே அறிந்திருப்பதும் அதற்கு ஒரு காரணம். 2005 முதல் 2008 வரையிலான கணக்கெடுப்பில், பருமனான பெரியவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் மட்டுமே வறுமைக்கோட்டின் 130 விழுக்காட்டுக்குக் கீழ் வருமானம் உடையவர்களாக இருந்தார்கள். எஞ்சியவர்கள் அனைவரும் அதற்கு மேல் சம்பாதிப்பவர்கள்.

இருந்தாலும் நீங்கள் பெண்களைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவனிப்பு சரியானது. 2011 முதல் 2014 வரையிலான தரவுகளில், அந்த 130 விழுக்காட்டு எல்லைக்குள் வரும் ஏழைப் பெண்களில் 45.2 விழுக்காட்டினர் பருமனாக இருந்தார்கள். 350 விழுக்காட்டுக்கு மேல் வருமானம் உள்ள பெண்களிடம் அது 29.7 விழுக்காடு மட்டுமே. ஆண்களிடம் இந்த வேறுபாடு இல்லை. ஏழை ஆண்களில் 31.5, வசதியான ஆண்களில் 32.6, நடுத்தர வருமானக்காரர்களிடம்தான் மிகுதியாக 38.5. கறுப்பின ஆண்களிடையே வருமானம் கூடக்கூடப் பருமனும் கூடியே இருந்தது. இந்த எண்களை நான் இவ்வளவு விரிவாகத் தருவதற்குக் காரணம் உண்டு. ஏழைகள் சோம்பேறிகள், அதனால் பருமனானார்கள் என்பது உண்மையாக இருக்குமானால், அந்தச் சோம்பல் ஏழைப் பெண்களை மட்டும் பிடித்து ஏழை ஆண்களை விட்டது ஏன் என்ற கேள்விக்கு அந்த வாதத்திடம் விடை இல்லை.

பெண்களிடம் ஏன் இப்படி என்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் ஒன்றை எவரும் எளிதில் புரிந்துகொள்வர். வீட்டில் உணவு குறையும்போது முதலில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டுபவள் தாய். பிள்ளைகளுக்குத் தந்துவிட்டுத் தான் உண்ணாமல் இருப்பாள், அல்லது பிள்ளைகள் மிச்சம் வைத்ததை உண்பாள். பணம் வந்த வாரத்தில், இத்தனை நாள் அடக்கிய பசி முழுவதும் ஒன்றாகத் திரும்பி வரும். 1944, 1945ஆம் ஆண்டுகளில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் ஆய்வாளர் 36 இளைஞர்களை அவர்கள் இசைவோடு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு, பிறகு வேண்டிய அளவு உண்ண விட்டார். கட்டுப்பாடு நீங்கியபின் அவர்கள் வயிறு நிறைந்தும் நிறைவு காணாமல் உண்டார்கள். உடலில் முன்பிருந்ததைவிடக் கூடுதலான கொழுப்பு சேர்ந்தது. அவர்கள் மன உறுதி மிக்கவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பட்டினிக்குப் பின் கொழுப்பைச் சேர்த்து வைப்பது மனித உடலின் இயல்பு. அதை ஒருவரின் குணக்கேடாகப் படிப்பது தவறு. பசிக்கும் பருமனுக்கும் உள்ள இந்த முரணான உறவை, 1995இல் வில்லியம் டயட்ஸ் என்னும் குழந்தை மருத்துவர் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் நிலையைக் கொண்டு எழுதியபோதுதான் மருத்துவ உலகம் கவனிக்கத் தொடங்கியது.

இந்த வற்றுவதும் பெருகுவதுமான சுழற்சிக்கு அரசின் உதவி முறையும் ஒரு காரணம். நாம் பழைய பழக்கத்தில் ஃபுட் ஸ்டாம்ப் என்று சொல்லும் ஸ்நாப் திட்டம், 1964இல் சட்டமாகி 2008இல் இப்போதைய பெயரைப் பெற்றது. அது அண்மை ஆண்டுகளில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக ஏறத்தாழ 6 டாலர் தருகிறது. ஒரு குடும்பம் தன் நிகர வருமானத்தில் 30 விழுக்காட்டை உணவுக்குச் செலவிட முடியும் என்று கணக்கிட்டு, மீதத்தைத்தான் அரசு நிரப்புகிறது. டெட்ராய்ட்டில் வாடகையும் கார் இன்சூரன்சும் கட்டிய பிறகு அந்த 30 விழுக்காடு பல வீடுகளில் மிஞ்சுவதே இல்லை. மாதத்துக்கு ஒருமுறை அட்டையில் ஏறும் அந்தத் தொகையின் பெரும்பகுதி முதல் இரண்டு வாரங்களிலேயே செலவாகிவிடுகிறது. அதன் விளைவு உடலில் தெரிகிறது: கலிஃபோர்னியா மருத்துவமனைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், ரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து மருத்துவமனையில் சேர்வது, குறைந்த வருமானக்காரர்களிடையே மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 விழுக்காடு கூடுதலாக இருந்தது, வசதியானவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. சர்க்கரை நோய் மருந்தை வழக்கம்போல் போட்டுக்கொண்டு உணவில்லாமல் இருந்தவர்களாக அவர்கள் இருக்கலாம். அவர்களில் பலர் பார்வைக்குப் பருமனாகவே இருந்திருப்பார்கள். தெருவில் எதிர்ப்பட்டிருந்தால் எவரும் அவர்களைப் பசித்தவர்கள் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது விலை. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆடம் ட்ரெவ்னவ்ஸ்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காட்டிவரும் உண்மை இது: ஒரு டாலருக்கு எத்தனை கலோரி கிடைக்கிறது என்று கணக்கிட்டால், எண்ணெயும் சர்க்கரையும் மாவும் சேர்ந்த உணவுகள்தான் மலிவானவை, கீரையும் காயும் பழமும் மீனும் விலை உயர்ந்தவை. 6 டாலரில் ஒரு நாள் முழுவதும் வயிற்றை நிரப்ப வேண்டியவர், தம்மை அறியாமலே இந்தக் கணக்கைப் போட்டுவிடுகிறார். மலிவான அந்தக் கலோரிகள் பெரும்பாலும் அதிகமாகப் பதப்படுத்திய உணவுகளாகவே வருகின்றன. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் இயல்பான உணவும் கொடுத்து, விரும்பிய அளவு உண்ணச் சொன்னார். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து அனைத்தும் இரண்டிலும் ஒரே அளவில் இருந்தும், பதப்படுத்திய உணவை உண்ட நாள்களில் அவர்கள் தினமும் ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக உண்டு, இரண்டு வாரத்தில் 0.9 கிலோ எடை கூடினார்கள். அந்த ஆய்வுக்கான பொருள்களின் விலையையும் கணக்கிட்டார்கள்: நாளொன்றுக்கு 2,000 கலோரி என்று வைத்துக்கொண்டால், பதப்படுத்திய உணவுக்கு வாரத்துக்கு 106 டாலர், இயல்பான உணவுக்கு 151 டாலர். ஆளுக்கு வாரம் 42 டாலர் உதவி பெறும் ஒரு வீட்டில் இந்த 45 டாலர் வேறுபாடு என்ன செய்யும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி, உங்களை மிகவும் வருத்திய கத்தரிக்காய்க்கு வருகிறேன். என் கருத்தில், உங்கள் கடிதத்தின் மையம் அதுதான்.

ஒரு குழந்தை புதிய காய் ஒன்றை ஏற்றுக்கொள்ள, அதைப் பல முறை, சில வேளை பத்து முறைக்கு மேலும், சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று குழந்தை உணவு ஆய்வுகள் காட்டுகின்றன. முதல் பல முறையும் அது தட்டில் மிஞ்சும் என்பதுதான் இதன் பொருள். வசதியான வீட்டில் அதைக் குப்பையில் போட்டுவிட்டு, பிள்ளைக்கு ரொட்டியோ பாலோ கொடுத்துச் சமாளிப்போம். அது ஒரு செலவாகவே நமக்குத் தோன்றாது. ஏழைத் தாய்க்கு மிஞ்சிய காய் என்பது பறிபோன ஒரு வேளை உணவு. 2016இல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் பாஸ்டன் பகுதியில் ஏழைப் பெற்றோர்களிடமும் வசதியான பெற்றோர்களிடமும் விரிவாகப் பேசி, அவர்களோடு கடைக்கும் சென்று பார்த்தபோது இதுவே வெளிப்பட்டது: பிள்ளைகளுக்கு நல்ல உணவைத் தர வேண்டும் என்ற விருப்பம் இரு தரப்பிலும் இருந்தது; ஆனால் குறைந்த வருமானப் பெற்றோர்கள், பிள்ளை நிச்சயம் உண்ணும் என்று தெரிந்ததை மட்டுமே வாங்கினார்கள். டப்பா பாஸ்தாவைக் கேட்ட அந்தப் பெண் காய்கறியை வெறுக்கிறார் என்று முடிவு கட்ட வேண்டாம். அவர் வீணாவதை அஞ்சுகிறார். கத்தரிக்காயைச் சமைக்க எண்ணெய் வேண்டும், வெங்காயம் வேண்டும், வேலை செய்யும் அடுப்பு வேண்டும், முக்கால் மணி நேரம் வேண்டும், உண்ணுபவர்களின் ஒப்புதலும் வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாமற்போனாலும் அந்தக் காய் அழுகும். இரண்டு இடங்களில் நேரம் மாறி மாறி வேலை செய்துவிட்டு, பேருந்தில் இரவு வீடு திரும்புபவரிடம் இவை அத்தனையும் ஒருசேர இருக்கும் நாள்கள் மிகக் குறைவு.

நல்ல கடை அருகில் இல்லாததே காரணம் என்று டெட்ராய்ட்டைப் பற்றி அடிக்கடி எழுதுவார்கள். கடை தேவைதான், ஆனால் கடை மட்டும் போதாது. ஃபிலடெல்ஃபியாவில் ஏழைகள் வாழும் பகுதி ஒன்றில் புதிய சூப்பர்மார்க்கெட் திறந்தபின், சுற்றியிருந்தவர்களின் காய்கறி உண்ணும் அளவும் எடையும் குறிப்பிடத்தக்க வகையில் மாறவில்லை என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. 2019இல் வந்த ஒரு பெரிய பொருளாதார ஆய்வு, ஏழை, பணக்காரர் உணவுத் தர வேறுபாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மட்டுமே கடை வசதியால் வருவது என்று கணித்தது.

சோடாவைப் பற்றி என் நிலைப்பாட்டை வெளிப்படையாகச் சொல்கிறேன். சர்க்கரை கலந்த பானம் எவருக்கும் நன்மை செய்வதில்லை. அதைக் குறைக்கும் முயற்சிகளை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அமெரிக்க வேளாண் துறை 2016இல் வெளியிட்ட அறிக்கையில், ஒரு பெரிய கடைத் தொடரின் 2011ஆம் ஆண்டு விற்பனையை ஆராய்ந்தபோது, உணவுச் செலவில் இனிப்புப் பானங்களின் பங்கு ஸ்நாப் குடும்பங்களில் 9.3 விழுக்காடாகவும் மற்றக் குடும்பங்களில் 7.1 விழுக்காடாகவும் இருந்தது. வேறுபாடு உண்டு, ஆனால் அது நாம் கற்பனை செய்யும் அளவு பெரியதன்று. 2025இல் நெப்ராஸ்கா தொடங்கிப் பல மாநிலங்கள் ஸ்நாப் அட்டையில் சோடா வாங்குவதைத் தடுக்க மத்திய அரசிடம் அனுமதி பெற்றிருக்கின்றன. ஏழையின் கூடையை மட்டும் சோதிக்கும் இந்த வழியைவிட, ஃபிலடெல்ஃபியா 2017இல் ஒரு அவுன்சுக்கு 1.5 சென்ட் என்று எல்லோருக்கும் பொதுவாக விதித்த வரியையே நான் விரும்புவேன். ஒரு பகுதி விற்பனை நகர எல்லைக்கு வெளியே நகர்ந்தபோதிலும், மொத்தத்தில் விற்பனை கணிசமாகக் குறைந்தது. அதே ஸ்நாப் அட்டையில் சூடான வறுத்த கோழியை வாங்க முடியாது. குளிரூட்டியில் வைத்த அதே கோழியை வாங்கலாம் என்ற விதி, உழைத்துக் களைத்து வருபவருக்கு என்ன உதவி செய்கிறது என்பதையும் தடையை ஆதரிப்பவர்கள் சிந்திக்க வேண்டும்.

உங்கள் கணவரின் வாதத்துக்கு மரியாதையோடு ஒரு பதில். கையில் பணமில்லாமல் வருவது வேறு. மாதாமாதம் வருமானம் வருமா என்று தெரியாமல் வாழ்வது வேறு. படிப்பும் வேலை விசாவும் முதல் சம்பளத் தேதியும் கையில் வைத்துக்கொண்டு சில மாதங்கள் சிக்கனமாக வாழ்ந்த அனுபவத்தை, மூன்று தலைமுறை நிச்சயமின்மையோடு ஒப்பிடுவது பொருந்தாது. தெற்காசியர்களான நம் உடல் மெலிந்து தெரிவதால் நாம் தப்பிவிட்டோம் என்றும் பொருளில்லை. குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை நோய் வருவதால், உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ அளவில் மற்றவர்களுக்கு 25 என்று இருக்கும் வரம்பை ஆசிய வம்சாவளியினருக்கு 23 ஆகக் குறைத்து, அதற்கு மேலிருப்பவர்களைப் பரிசோதிக்கும்படி அமெரிக்கச் சர்க்கரை நோய்ச் சங்கம் 2015இல் பரிந்துரைத்தது. உங்கள் கணவருக்கு இந்தச் சர்க்கரை நோய்ச் சோதனை நடந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

அறிவுரையால் ஆகாததைச் சூழ்நிலை மாற்றம் செய்யும் என்பதற்கு வலுவான சான்று ஒன்று உண்டு. 1994 முதல் 1998 வரை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் நகரங்களில், மிக ஏழ்மையான பகுதிகளின் அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த குடும்பங்களுள் சிலருக்குக் குலுக்கல் முறையில், வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர வாடகை உதவி வழங்கினார்கள். உணவைப் பற்றி அவர்களுக்கு எவரும் பாடம் நடத்தவில்லை. பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்களைப் பரிசோதித்தபோது, உதவி பெற்ற குழுவில் கடுமையான பருமனும் சர்க்கரை நோயும் சில விழுக்காடு புள்ளிகள் குறைந்திருந்தன. அது 2011இல் வெளியானது. குழந்தைகளிடமும் ஒரு நம்பிக்கையூட்டும் செய்தி இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குமான விக் திட்டத்தில், 2009இல் பழச்சாற்றைக் குறைத்து, காய்கறி பழங்களுக்கெனத் தனித் தொகை சேர்த்தார்கள். அத்திட்டத்தில் உள்ள 2 முதல் 4 வயதுக் குழந்தைகளின் பருமன் விகிதம் 2010இல் 15.9 ஆக இருந்து 2016இல் 13.9 விழுக்காடாக இறங்கியது. முழுப் பெருமையையும் அந்த ஒரு மாற்றத்துக்கே கொடுக்க முடியாது என்றாலும், திசை சரியானது.

நீங்கள் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. ஒரே மாதிரியான பெட்டியைக் கையில் கொடுப்பதை விட்டு, கடையில் எடுப்பதுபோல் அவர்களே தேர்ந்தெடுக்கும் முறைக்கு உங்கள் ஃபுட் பேன்ட்ரி மாற முடியுமா என்று பொறுப்பாளர்களிடம் பேசுங்கள்; வீணாவது அதிலேயே பெரிதும் குறையும். கத்தரிக்காயைத் தனியே வைக்காமல், ஒரு சிறு புட்டி எண்ணெய், வெங்காயம், டப்பாத் தக்காளி ஆகியவற்றோடு சேர்த்து வையுங்கள். முடிந்தால் சமைத்ததை ஒரு கரண்டி சுவைக்கக் கொடுங்கள். பிள்ளை அங்கேயே ஒரு வாய் உண்டுவிட்டால் தாய் துணிந்து எடுத்துச் செல்வார். வீட்டில் அடுப்பு இருக்கிறதா, மைக்ரோவேவ் மட்டும்தானா என்று பணிவோடு கேட்டபின் பொருளைப் பரிந்துரையுங்கள். உறையவைத்த காய்கறி, டப்பாவில் வரும் பீன்ஸ், முட்டை, வேர்க்கடலை வெண்ணெய் ஆகியவற்றை இரண்டாந்தர உணவாக எண்ண வேண்டாம். அவை எளிதில் கெடாது, சத்தும் குறைவில்லை. டப்பா பீன்ஸைத் தண்ணீரில் அலசினால் உப்புக் குறையும் என்பதைச் சொல்லுங்கள்.

மிச்சிகனில் பிரிட்ஜ் கார்டு எனப்படும் உதவி அட்டையில் ஸ்நாப் தொகை ஏறும் நாள், குடும்பத் தலைவரின் பயனாளி எண்ணின் கடைசி இலக்கத்தைப் பொறுத்து 3ஆம் தேதியிலிருந்து 21ஆம் தேதி வரை குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஆகையால் மாதக் கடைசி என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு வாரம், "உங்களுக்கு எந்த வாரம் கடினம்?" என்று கேட்டு அந்த வாரம் கூடுதலாகக் கொடுக்க வழி செய்யுங்கள். அந்த அட்டையில் ஒரு டாலருக்குக் காய்கறி வாங்கினால் இன்னொரு டாலருக்கு இலவசமாகத் தரும் டபுள் அப் ஃபுட் பக்ஸ் திட்டம் 2009இல் உங்கள் டெட்ராய்ட் உழவர் சந்தைகளில்தான் தொடங்கியது; அது இருப்பதே தெரியாத குடும்பங்களுக்கு அதைச் சொல்லுங்கள். சிறு குழந்தையோடு வரும் தாய் விக் திட்டத்தில் சேர்ந்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டோ ஸ்நாப்போ பெறுபவருக்கு விக் திட்டத்துக்கான வருமானத் தகுதி ஏற்கெனவே இருக்கிறது.

எடையைப் பற்றி மட்டும் அவர்களிடம் பேச வேண்டாம். அவர்கள் அதை மருத்துவமனையிலும் பேருந்திலும் வேலையிலும் கேட்டுக் கேட்டுத் துவண்டவர்கள். எடையைச் சொல்லி இகழப்படுபவர்கள் மேலும் எடை கூடுகிறார்கள் என்பதே ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுவது. ஆனால் சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பதாக எவரேனும் சொன்னால், வீட்டில் உணவில்லாத நாளில் மருந்தின் அளவை என்ன செய்ய வேண்டும் என்று அவருடைய மருத்துவரையோ செவிலியரையோ முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அன்று அவர் பையில் பாலும் ரொட்டியும் கூடுதலாக இருக்கட்டும்.